ஸ்கோப்பை முன்னால் தள்ளினால் தூரம் கிட்டே வந்துவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ரைஃபிள்களைப் பற்றி வந்த கட்டுரையைப் பேரன் சத்தமாகப் படித்துக் காட்டினான். மத்தூர், போச்சம்பள்ளி பக்கம் ராணுவத்துக்குப் போக விடிகாலையில் ஓடிப் பழகும் பையன்கள் நிறையப் பேர், அவர்கள் இதையெல்லாம் ஆசையாகப் படிப்பார்கள், அதனால் எழுதியதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில், அதாவது விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு சுட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில், ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் தூரக்கண்ணாடியை, குண்டு போகும் குழலின் மேல் முன்னால் தள்ளி மாட்டுவது தூரத்தில் இருப்பதை இன்னும் பெரிதாகப் பார்ப்பதற்காக என்று போட்டிருக்கிறீர்கள். இது தவறு. தரைப்படையில் 17 வருடம் இருந்து, அதில் பாதி நாள் சுடுதளத்திலேயே கழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது அதன் கண்ணாடிகளைப் பொறுத்தது, அதை எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்ததல்ல. சொல்லப்போனால் முன்னால் போகப் போகப் பார்வை வட்டம் சுருங்கத்தான் செய்யும். பேரனுக்கு இதைக் காட்ட ஒரு பழைய காலண்டர் தாளைக் குழாய் போலச் சுருட்டிக் கொடுத்தேன். கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தபோது தோட்டத்துப் பெங்களூரா மாமரம் காயோடு முழுசாகத் தெரிந்தது. அதே குழாயை இரண்டு சாண் தள்ளிப் பிடித்தால் ஒரே ஒரு காய். ஸ்கோப்பில் கண்ணாடி இருக்கிறது, கணக்கு கொஞ்சம் வேறு, ஆனாலும் விஷயம் இதுதான். அதனால்தான் முன்னால் மாட்டுகிற ஸ்கோப்புகள் பெரும்பாலும் 2 அல்லது 3 மடங்கோடு நின்றுவிடுகின்றன.

அப்புறம் ஏன் முன்னால் மாட்டுகிறார்கள்? பல ரைஃபிள்களில் சேம்பருக்கு, அதாவது தோட்டா உட்காரும் அறைக்கு, மேலே இடம் கிடையாது. அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றுக்கொண்ட எம்1 காரண்ட் ரைஃபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுத் தோட்டாக்களை, அவற்றைக் கவ்விப் பிடிக்கும் ஒரு தகட்டுக் கிளிப்போடு சேர்த்து மேலிருந்துதான் உள்ளே அழுத்த வேண்டும், எட்டும் சுட்டு முடிந்ததும் அந்த வெற்றுக் கிளிப் மேலேதான் துள்ளி வெளியே வரும். அங்கே நடு மேலே ஸ்கோப் உட்கார்ந்தால் தோட்டா போடவே வழியில்லை. அதனால் அதன் ஸ்னைப்பர் வகைகளான எம்1சி, எம்1டி இரண்டிலும் ஸ்கோப்பை இடது பக்கம் ஒதுக்கி மாட்டினார்கள், சுடுகிறவன் கன்னம் சரியாக உட்காரத் தோளில் வைக்கும் கட்டையில் தோல் மெத்தை கட்டினார்கள். பின்னாளில் அந்த ரைஃபிள் வைத்திருந்தவர்கள்தான் குழலின் மேல் ஸ்கோப்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ரெயில் போட்டு முன்னால் மாட்ட ஆரம்பித்தார்கள். நம் வீரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏகே-47 வகையில் சிக்கல் வேறு. மேல் மூடி மெல்லிய தகடு, துடைக்கக் கழற்றிக் கழற்றி மாட்டுவோம், லேசாக ஆடும். அதன் மேல் ஸ்கோப் வைத்தால் இன்று ஒரு இடம், நாளை ஒரு இடம் என்று குண்டு போகும். அதற்காகத்தான் இடது பக்கத்து ரெயில், இல்லையென்றால் முன்னால் குழலுக்கு மேலே ஓடும் கேஸ் குழாய்க்கு மேலே ஒரு ரெட் டாட், அதாவது பெரிதாக்காமல் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் குறிக்கண்ணாடி. ரெட் டாட்டுக்குக் கண் இவ்வளவு தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முன்னால் வைக்க அதுதான் தோது.

கட்டுரையில் இன்னொன்று, எந்த ஸ்கோப்பை வேண்டுமானாலும் முன்னால் மாட்டலாம் என்பது போல எழுதியிருக்கிறது. சாதாரண ஸ்கோப்பில் கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே 3, 4 அங்குலம்தான் இருக்க வேண்டும். முன்னால் மாட்டுவதற்கென்றே செய்த ஸ்கோப்பில் இது 9 முதல் 12 அங்குலம் வரை வரும். சாதாரண ஸ்கோப்பைக் கொண்டுபோய்க் குழல் மேல் மாட்டினால் கறுப்பு வளையத்துக்குள் காசு அளவு வெளிச்சம்தான் தெரியும். இந்தக் கண் தூரத்தை நான் அலட்சியமாகவே எடுக்க மாட்டேன். சுடுதளத்தில் எனக்கு அடுத்துப் படுத்திருந்த ஒரு பையன், உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) இரண்டு முறை சொல்லியும் கேட்காமல், 7.62 மில்லிமீட்டர் ரைஃபிளின் ஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு சுட்டான். ரைஃபிள் பின்னால் உதைத்த வேகத்தில் ஸ்கோப் விளிம்பு பட்டுப் புருவத்துக்கு மேலே பிறை மாதிரி தோல் கிழிந்தது, ரத்தம் கண்ணுக்குள் இறங்கி அவன் ரைஃபிளை விட்டுவிட்டு எழுந்துவிட்டான். தோட்டா உள்ளே இருக்கிற ரைஃபிள். உஸ்தாத் பாய்ந்து வந்து அதை அமுக்கிப் பிடித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முன்னால் மாட்டுவதில் இந்த ஆபத்து அநேகமாக இல்லை, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கலாம், சுற்றிலும் யார் வருகிறார்கள் என்று தெரியும். இந்த நல்ல பக்கத்தை நீங்கள் எழுதவே இல்லை.

கெட்ட பக்கமும் உண்டு. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் பின் கண்ணாடியில் பட்டுப் பளீரென்று அடிக்கும், ஒன்றும் தெரியாது. குழல் சூடானால் மேலே கானல் எழும்பிக் குறி நெளியும், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டும் சேர்ந்து சூடாகும். செமி ஆட்டோமேட்டிக்கில் அடுத்தடுத்துச் சுடுவதால் இது சீக்கிரமே வந்துவிடும். அதனால் குழல் ஆறியிருக்கும்போது ஒரு முறை ஐந்து குண்டு சுட்டு அவை எங்கே கூடி விழுகின்றன என்று குரூப் பார்த்தால் போதாது, சூடேறிய பிறகும் ஒரு குரூப் போட்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். மாட்டும்போது திருகுகளில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. கை பலத்தைக் காட்டி முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் திருகுகளுக்குப் பொதுவாக முறுக்கு அளவு 15 முதல் 20 இன்ச்-பவுண்ட் போதும், அளவு காட்டும் திருப்புளி வைத்துத்தான் முறுக்க வேண்டும். திருகுத் தலையிலிருந்து ரிங் வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட்டால், திருகு மயிரிழை நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

இதைப் படிக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. 7.62 மில்லிமீட்டர், .303 அங்குலத் தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகை, சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது. படையில் சேர்ந்த பிறகு கையில் எடுக்கலாம். ஓசூர், அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் வீட்டில் நாட்டுத் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு அதில் டார்ச் கட்டுவது, ஸ்கோப் கட்டுவது என்று யாரும் இறங்க வேண்டாம், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தாலே ஜெயில்தான்.

வரும் ஞாயிறு இணைப்பில் இந்த இரண்டு தவறுகளுக்கும் திருத்தம் போடுங்கள், அதுவும் கட்டுரை வந்த அதே பக்கத்தில். அடுத்த முறை இது மாதிரி எழுதினால், கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வந்து போகிறவர்களில் யாரிடமாவது அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை காட்டுங்கள். என்னிடம் கொடுத்தாலும் படித்துத் தருகிறேன்.

முன்னாள் ஹவில்தார்,
மத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.