குறைமாசக் குழந்தை டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் என்னன்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

800 கிராம்ல பொறந்த குழந்தைய அரசு ஆஸ்பத்திரி டாக்டருங்க காப்பாத்தி எடை ஏறினதும் வீட்டுக்கு அனுப்பி வச்சாங்கன்னு நம்ம பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, கூடவே டீன் கையால அம்மாகிட்ட குழந்தைய குடுக்கற போட்டோவும். பாக்கும்போதெல்லாம் எனக்கு கண்ணு கலங்கிடும், ஏன்னா என் பொண்ணும் 31 வாரத்துல பொறந்தவ தான். அந்த டாக்டருங்களுக்கும் ராத்திரி முழுக்க கண் முழிச்சு பாத்துக்கற நர்சுங்களுக்கும் எவ்ளோ நன்றி சொன்னாலும் பத்தாது. ஆனா செய்தி அந்த போட்டோவோட முடிஞ்சிடுது சார், பெத்தவங்களுக்கு முக்கால்வாசி வேலை அதுக்கப்புறம் தான் ஆரம்பிக்குது, அதையும் சேர்த்து எழுதுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

முக்கியமா கண்ணு. விழித்திரைக்கு ரத்தம் கொண்டு போற குட்டி குட்டி நாளமெல்லாம் வயித்துல இருக்கற கடைசி வாரங்கள்ல தான் வளந்து முடியுது. குழந்தை சீக்கிரமே வெளிய வந்துட்டா அந்த வளர்ச்சி பாதில நின்னு அப்புறம் தாறுமாறா கிளம்புது, ஆக்சிஜன் அளவுக்கு மேல போனா இன்னும் மோசமாகுது, கடைசில விழித்திரையவே பிச்சி இழுத்துடுது. இதுக்கு பேரு ஆர்.ஓ.பி. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, குழந்தை நல்லா முழிச்சு பாக்கற மாதிரி தான் இருக்கும். நம்ம நாட்டு வழிமுறைப்படி 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2 கிலோவுக்கு கம்மியா இருந்தாலோ பொறந்த 30 நாளைக்குள்ள முதல் கண் செக்கப் பாத்தே ஆகணும், 28 வாரத்துக்கும் முன்னாடி பொறந்த குழந்தைக்கும் 1200 கிராமுக்கு கீழ இருக்கற குழந்தைக்கும் ரெண்டு மூணு வாரத்துலயே பாக்கணும். ஒரு தடவை பாத்தா போதாது, நாளம் முழுசா வளந்துடுச்சுன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் திரும்ப திரும்ப போகணும். டயத்துக்கு கண்டுபிடிச்சா லேசர்ல சரி பண்ணிடலாம், விட்டுட்டா போன பார்வைய திருப்பி கொண்டு வரது ரொம்ப கஷ்டம்.

எங்களுக்கு குடுத்த டிஸ்சார்ஜ் சீட்டுல இது மருந்து பேருங்களுக்கு நடுவுல இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரியா இருந்துச்சு, யாரும் வாயால சொல்லல. தெரிஞ்ச நர்ஸ் அக்கா ஒருத்தங்க சீட்டை வாங்கி பாத்துட்டு இதுக்கு உடனே போம்மான்னு சொன்னதால போனோம். கண்ணு விரிய சொட்டு மருந்து விட்டு, விட்டு, அரைமணி நேரம் காத்திருந்து, இமைய பிரிச்சு வைக்க ஒரு சின்ன கம்பி மாட்டி பாக்கறாங்க, குழந்தை அலறும், வெளில நிக்கற நமக்கு உள்ள என்னவோ பண்ணும். ஆனா முடிஞ்சு தோள்ல போட்டா கொஞ்ச நேரத்துல தூங்கிடுது. அதுக்கு பயந்துட்டு போகாம இருக்காதீங்கன்னு எல்லா அம்மாக்களுக்கும் சொல்லணும் போல இருக்கு.

1996ல சென்னைல அரசு ஆஸ்பத்திரில 29 வாரத்துல பொறந்த ஒரு பொண்ணுக்கு இந்த செக்கப் பத்தி யாரும் சொல்லாம விட்டதால பார்வையே போயிடுச்சு. அவங்கப்பா கேஸ் போட்டு போராடி 2015ல தான் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. கிட்டத்தட்ட 19 வருஷம், அந்த பொண்ணு அதுக்குள்ள பெரிய மனுஷியாவே ஆயிட்டா. பணம் எவ்ளோ குடுத்தா என்ன சார்.

அடுத்தது வயசு கணக்கு. ஆறு மாசமாச்சே இன்னும் குப்புற விழலையா, தலை ஏன் இன்னும் நிக்கலன்னு பாக்கறவங்க எல்லாம் கேப்பாங்க, கேட்டு கேட்டே அம்மாவ அழ வச்சிடுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி பொறந்த குழந்தைக்கு அந்த ரெண்டு மாசத்த கழிச்சுட்டு தான் வளர்ச்சிய பாக்கணும், ஆறு மாசம்னா அது நாலு மாச குழந்தை. டாக்டருங்க இத ரெண்டு வயசு வரைக்கும் பாக்கறாங்க. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கற கணக்கு கிடையாது, நிஜமான பொறந்த தேதிய வச்சு தான் போடணும், இத குழப்பிக்கிட்டு ஊசிய தள்ளி போடறவங்களும் இருக்காங்க. இன்னொண்ணு, குறைமாசம் தானே தானா சரியாயிடும்னு எல்லாத்தையும் விட்டுடவும் கூடாது. கை கால் வெறைப்பா இருந்தாலோ, ஒரு பக்க கைய மட்டும் மூடியே வச்சிருந்தாலோ, சத்தத்துக்கு திரும்பலன்னாலோ உடனே காட்டணும். மூளைல மடிப்பெல்லாம் பெரும்பாலும் வயித்துல கடைசி மூணு மாசத்துல தான் விழுது, அந்த வளர்ச்சி இவங்களுக்கு வெளிய நடக்குது, அதனால தான் பிசியோதெரபி மாதிரி விஷயத்த சீக்கிரம் ஆரம்பிக்க சொல்றாங்க. இதுக்குன்னே குழந்தைங்களோட உடம்ப செக் பண்ற ஆர்.பி.எஸ்.கே.ங்கற அரசு திட்டத்துல, வளர்ச்சி குறைய சீக்கிரமே கண்டுபிடிச்சு பயிற்சி குடுக்கற டி.இ.ஐ.சி.ன்னு மாவட்ட சென்டர் இருக்கு, இலவசம், பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல.

கங்காரு முறை, அதாவது குழந்தைய வெறும் நெஞ்சோட ஒட்டி வச்சு கட்டிக்கறது, அத பத்தியும் சொல்லணும். கண்ணாடி பெட்டில வச்சா தான் சேஃப், வெளிய எடுத்தா குளிர் அடிச்சிடும்னு எங்க வீட்டு பெரியவங்க பயந்தாங்க. 1978 வாக்குல கொலம்பியா நாட்டுல பொகோட்டாங்கற ஊர் ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாம ஒரே பெட்டில ரெண்டு மூணு குழந்தைய வச்சு தொற்று பரவினப்போ எட்கர் ரேங்கற டாக்டர் குழந்தைங்கள அம்மா நெஞ்சோட சேர்த்து கட்டி வைக்க ஆரம்பிச்சாரு. அப்போ வேற வழியில்லாம செஞ்சது, இன்னிக்கு அது தான் நல்ல வைத்தியம்னு நிரூபிச்சிருக்காங்க. 2021ல வந்த உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு, அதுல டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் இருந்துச்சு, 1 கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்கு கீழ வரைக்கும் இருந்த 3200 குழந்தைங்க. குழந்தை நிலைமை சரியாகட்டும்னு காத்திருக்காம பொறந்த உடனே நெஞ்சோட சேர்த்தவங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தது 12 சதவீதம், வழக்கப்படி அப்புறமா ஆரம்பிச்சவங்கள்ல 15.7 சதவீதம். வித்தியாசம் அவ்ளோ தெளிவா தெரிஞ்சதால ஆய்வையே பாதில நிறுத்திட்டாங்க. கொலம்பியால 1990கள்ல அப்படி வளந்த குழந்தைங்கள 20 வருஷம் கழிச்சு தேடி பாத்தப்போ ஸ்கூலுக்கு மட்டம் போட்டதும் கோவமும் அடங்காம ஓடறதும் அவங்ககிட்ட கம்மின்னு 2017ல எழுதியிருக்காங்க.

செய்யறதும் சுலபம். குழந்தைக்கு தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும், முன்பக்கம் திறக்கற நைட்டிக்குள்ள நெஞ்சு மேல நிமிர்த்தி வச்சு முகத்த ஒரு பக்கமா திருப்பி துணியால கட்டிக்கணும். என் பொண்ணு பூனைக்குட்டி கணக்கா மூச்சு விட்டுக்கிட்டு அப்படியே கிடப்பா, பால பீச்சி சங்குல தான் குடுத்தேன். அப்பாவும் வச்சிக்கலாம், தாத்தா பாட்டி கூட வச்சிக்கலாம். வார்டுக்குள்ள ஆம்பளைங்கள விடறதில்லங்கற எடத்துல கூட வீட்டுக்கு வந்ததும் செய்யலாமே.

ஏழாம் மாசத்து புள்ள பொழைக்கும், எட்டாம் மாசத்து புள்ள பொழைக்காதுன்னு இன்னும் சொல்லிக்கிட்டு திரியறாங்க, தயவு செஞ்சு அத முதல்ல எழுதி ஒழிங்க சார். வயித்துல கூட இருக்கற ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம் தான், 33 வாரத்த விட 35 வாரம் எப்பவும் நல்லது.

நவம்பர் 17 உலக குறைமாத குழந்தைகள் தினம். அன்னிக்கு எந்தெந்த ஆஸ்பத்திரில ஆர்.ஓ.பி. பாக்கறாங்க, எந்த கிழமை, எத்தன மணிக்கு போகணும், டி.இ.ஐ.சி. எந்த பில்டிங்ல இருக்குன்னு மாவட்ட வாரியா விசாரிச்சு அரை பக்கம் போடுங்க. வெட்டி குழந்தையோட தடுப்பூசி கார்டுல வச்சிக்கற மாதிரி சின்ன கட்டமா போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி