அந்த ஒன்றரை வரி: கொங்கு நாட்டு வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் நீதிமன்றங்களில் குற்ற வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு வணக்கம்.

செஷன்ஸ் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கொலை வழக்கில் 'குற்றவாளி' என்று சொன்ன நீதிபதி, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கூண்டில் நின்றவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நான் எதுவும் பண்ணலீங்க சாமி" என்றான். அவனுடைய வக்கீல் எழுந்து, "வயதான தாய் இருக்கிறார், முன் வழக்கு இல்லை, கருணை காட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒன்றரை வரி. சாயங்காலம் நான் அடித்த தீர்ப்பில் தூக்கு.

அந்தத் தாய் காலையிலிருந்து வேப்பமரத்தடியில் சோத்துப் போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உள்ள என்னுங்க சொன்னாங்க?" என்று என்னைத்தான் கேட்டார். அப்பன் குடித்தே செத்தது, பையன் எட்டு வயதில் தறிக்குடோனுக்குப் போனது, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வழக்குக் கட்டில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 235(2), புதியதில் 258(2). உங்களுக்குத் தெரியாததல்ல. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே தூக்கு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், குற்றத்தோடு ஆளையும் பார்க்கச் சொன்னது. அவன் திருந்தவே மாட்டான் என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும் என்றது. பேப்பரில் 'அரிதினும் அரிதான' என்ற முன்பாதிதான் வருகிறது. 2022-இல் மனோஜ் வழக்கில், வளர்ந்த சூழல், படிப்பு, மனநிலை, சிறை நடத்தை எல்லாம் விசாரணை நீதிமன்றத்திலேயே வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதை விடாமல் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

2000 பிப்ரவரி 2-ஆம் தேதி, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் 3 பேர் தருமபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்டார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. 2007-இல் சேலம் நீதிமன்றம், தீ வைத்த கும்பலில் 3 பேருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும், 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2016-இல் அதே உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் நடந்தது, கொல்லத் திட்டமிட்டு வந்தவர்கள் அல்ல என்று ஆயுளாகக் குறைத்தது. 2018-இல் மூவரும் வெளியே வந்தார்கள். அதே பஸ், அதே நெருப்பு, அதே மூன்று குற்றவாளிகள். 2016-இல் எடுபட்ட சங்கதி 2007-லும் இருந்ததுதானே? நடுவில் கயிறு மாட்டியிருந்தால் யார் பதில் சொல்வது? பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள். தூக்கு, ஆயுள், விடுதலை என்று ஒவ்வொரு முறையும் அந்தத் தீயை அவர்கள் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

தூக்கே வேண்டாம் என்பது என் எண்ணம். நீங்கள் வேண்டும் என்பவராகவே இருங்கள், சரி. ஆனால் நான் வேலை பார்த்த வருடங்களில், காசு கொடுத்துப் பெரிய வக்கீல் வைத்தவன் யாருக்கும் தூக்குத் தீர்ப்பு அடித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று. வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் நடந்த தகராறில், அந்தப் போலீஸாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவையில் வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில், இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லவே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நம் ஊர்த் தகராறில் பிறந்த தீர்ப்பு. ஊரே கொதிக்கும் வழக்கு வந்தால் தயவுசெய்து அதை எடுத்து ஒருமுறை படியுங்கள்.

குற்றவாளி என்று தீர்ப்பானதும் தண்டனை விசாரணைக்கு வாய்தா கேளுங்கள். நன்னடத்தை அலுவலர் அறிக்கைக்கும் மனநல மருத்துவர் அறிக்கைக்கும் மனுப் போடுங்கள். இலவச சட்ட உதவி வழக்காக இருந்தாலும் அவன் ஊருக்கு ஒரு நடை போய், பள்ளிக்கூட வாத்தியாரையும் வேலை கொடுத்த முதலாளியையும் பாருங்கள். அப்புறம், கோர்ட் வாசலில் அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர் ஒருவர்