ஏசி திருத்துபவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏசி பூட்டவும் திருத்தவும் அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று எழுதினால், எங்கள் தொழிலில் இருக்கும் பொடியன்களே முதலில் கோபப்படுவார்கள். "இத்தனை வருசம் செய்த வேலைக்கு இனி ஒரு கடதாசியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கான பதிலையும் இக்கடிதத்திலேயே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏசி என்றால் வங்கியும் ஹோட்டலும்தான். இப்போது கல்யாண மண்டபம், ரியூசன் வகுப்பு, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் கட்டிக்கொடுக்கும் வீட்டின் படுக்கையறை என்று எங்கும் வந்துவிட்டது. வேலை பெருகியதோடு, அழுத்தம் பார்க்கும் ஒரு கேஜும் ஒரு காஸ் சிலிண்டரும் வாங்கிக்கொண்டு வேலைக்கு இறங்குபவர்களும் பெருகிவிட்டார்கள். வீட்டுக்காரர் கேட்பதெல்லாம் "எவ்வளவு எடுப்பீர்கள்?" என்பது மட்டுமே.

முன்பு ஏசிக்குள் சுற்றிக் குளிரூட்டும் வாயுக்களில் ஆர்-22 என்ற ஒரு காஸைத் தெரிந்திருந்தால் காலம் ஓட்டலாம். ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989 இல் சேர்ந்தது. அதன்படி எங்களைப் போன்ற நாடுகளில் ஆர்-22 இறக்குமதி 2030 உடன் ஏறக்குறைய முடிந்துவிடும். இன்று கடைகளில் விற்கும் புது ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ தான். இவற்றின் அழுத்தம் ஆர்-22 ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆர்-32 மெதுவாகவேனும் தீப்பற்றக்கூடியது. சில புது இயந்திரங்களில் வரும் ஆர்-290 என்பது புரோப்பேன், வீட்டு அடுப்புக் காஸில் இருக்கும் அதே பொருள். இதைப் பழைய ஆர்-22 ஏசிக்குள் அடித்துவிட்டு "நல்லாக் குளிருது" என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்து என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. சில வேளை அடித்தவருக்கும் தெரியாது.

ஏசி காஸைக் குடிப்பதில்லை. பூட்டிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். "வருசா வருசம் காஸ் அடிக்க வேண்டும்" என்று யாரும் சொன்னால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோர இடங்களில் உப்புக் காற்று வெளி யூனிற்றின் தகடுகளையும் குழாய்களையும் தின்றுவிடுகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் திரும்பத் திரும்பக் காஸ் அடிப்பது வீட்டுக்காரரின் காசுக்கும் நட்டம், வானத்துக்கும் நட்டம். ஒரு கிலோ ஆர்-22 ஐக் காற்றில் விட்டால், சுமார் 1,800 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமமாகப் பூமி சூடாகிறது.

புதிதாகப் பூட்டும்போது வக்கியூம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் யூனிற்றிலுள்ள காஸையே கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு முடித்துவிடுகிறார்கள். உள்ளே நின்றுவிட்ட ஈரம் கொம்பிரசர் எண்ணெயைக் கெடுத்து அமிலமாக்கும். ஒன்றிரண்டு வருசத்தில் கொம்பிரசர் போய்விடும். பழி ஏசிக் கம்பனியின் மேல் விழும். இதைவிடப் பயங்கரமானது, கசிவு பார்க்க நைட்ரஜனுக்குப் பதிலாக வெல்டிங் கடை ஒக்சிசனை ஏற்றுவது. ஒக்சிசனும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். இந்தத் தவறுக்கு உலகின் பல இடங்களில் ஆட்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, பொடியன்கள் என்ன செய்வது? தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ சான்றிதழ், இத்தொழிலுக்கும் இருக்கிறது. வேலை தெரிந்தவர் அதற்காகத் திரும்ப வகுப்பில் போய் இருக்க வேண்டியதில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு முறை உண்டு. செய்த வேலைகளின் படங்கள், பில்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்து நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்டித் தகைமையைப் பெறலாம். நாலாம் மட்டம் எடுத்தவருக்கு மேலே டிப்ளோமாவுக்கும் வழி திறக்கும். நானும் இந்த வழியில் வந்தவன்தான். அனுபவம் உள்ளவர் பயப்பட அதில் ஒன்றுமில்லை.

வெளிநாடு போக நினைப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இது உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத தொழில். புதிதாகத் தொடங்குபவருக்கு ஏறத்தாழ 9,000 மணித்தியாலப் பயிற்சியும் பிறகு பரீட்சையும் உண்டு. ஏற்கனவே வேலை தெரிந்தவர் தன் அனுபவத்தை எழுத்தில் நிரூபித்தால்தான் நேரே பரீட்சைக்குப் போகலாம். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் காஸ் அடுப்பைத் தொடுவதற்கு வேறொரு உரிமம். அமெரிக்காவில் குளிர்வாயுவைக் கையாளும் திருத்துநருக்கு 1994 முதல் சான்றிதழ் கட்டாயம். இங்கே பத்து வருசம் வேலை செய்தும் ஒரு துண்டுக் கடிதம் இல்லாமல் விமானம் ஏறும் பொடியனைப் பார்த்தால் மனம் வேகுகிறது.

அனுமதிப்பத்திரம் இந்நாட்டுக்கு முற்றிலும் புதிய எண்ணமும் அல்ல. குளிர்வாயுவைக் கையாள ஒரு சர்வதேச உரிமத் திட்டத்தை ஐ.நா. சுற்றாடல் அமைப்பு பரீட்சித்துப் பார்த்தபோது, தெரிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆனால் சட்டம் ஒரே நாளில் வந்து தொழிலில் உள்ளவர்களைத் தெருவில் விடக்கூடாது. இரண்டு மூன்று வருட அவகாசம் வேண்டும். மதிப்பீட்டாளர் தமிழில் கேட்டுத் தமிழில் பதிலை வாங்குபவராக இருக்க வேண்டும். கட்டணம் ஒரு நாள் கூலிக்காரருக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அதுவரை மாநகர சபையும் பிரதேச சபைகளும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் தங்கள் ஏசி வேலைக்கான கேள்விப்பத்திரத்தில், வேலை செய்பவருக்கு நாலாம் மட்டத் தகைமை வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த மாதமே பலர் விண்ணப்பம் நிரப்பப் போவார்கள்.

கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய ஏசியிலிருந்து காஸை வெளியே விடாமல் சிலிண்டருக்குள் இழுத்தெடுக்கும் இயந்திரம் தனி ஆள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. வலிகாமத்துக்கு ஒன்று, வடமராட்சிக்கு ஒன்று, தென்மராட்சிக்கு ஒன்று வாங்கி நாள் வாடகைக்கு விட்டால் நாங்கள் கட்டாயம் எடுத்துப் பாவிப்போம்.

இப்படிக்கு,
குளிரூட்டித் திருத்துநர் ஒருவர்,
கொக்குவில்.