அரிதும் தட்டுப்பாடும்

தக்கலை

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கோயம்புத்தூரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இங்கே மழை பிந்தாமல் பிடித்துக்கொண்டது. என் முழங்கால் வலியைத் தவிர வேறு குறை ஒன்றுமில்லை.

நீ மொழிபெயர்த்துவரும் புவியியல் நூலில் ‘ரேர்’ (rare), ‘ஸ்கேர்ஸ்’ (scarce) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் ‘அரிய’ என்றே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது என்பதே என் கருத்து. ஒரு பொருள் எங்கோ ஓரிடத்தில், எப்போதோ ஒரு முறைதான் தென்படும் என்றால் அது ‘ரேர்’. அதை யாரும் தேட வேண்டும் என்பதில்லை. ‘ஸ்கேர்ஸ்’ என்று சொன்னாலோ, அது வேண்டும் என்று காத்து நிற்கும் ஆள் ஒருவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில், வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளையைக் கூடையை இறக்கி வைப்பதற்குள் சுற்றி நின்று விலை பேசுகிறார்களே, அப்போது சாளை ‘ஸ்கேர்ஸ்’. அதற்காக அதை ‘ரேர்’ மீன் என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் இந்த இரண்டிலும் சேராது. இங்கே அன்றாடம் தின்கிற பழம், உன் ஊர்க் கடைக்காரருக்கு மட்டும் புதியது என்பதால் அங்கே அதற்கு ‘அன்காமன்’ (வழக்கமில்லாதது) என்பதே போதும்.

பெயரே குழப்புவதற்கு எடுத்துக்காட்டு நம் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியின் மணலில் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1909இல் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்த பிறகுதான் அந்தக் கடற்கரையின் கரிய மணலுக்கு உலகச் சந்தையில் மதிப்பு வந்தது. மோனசைட்டில் தோரியத்தோடு சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய ‘ரேர் எர்த்’ தனிமங்களும் இருக்கின்றன. ஆனால் சீரியம் புவியின் மேலோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கே உண்டு. 1787இல் சுவீடனின் இட்டர்பி என்ற சிற்றூரில் கிடைத்த கருங்கனிமத்திலிருந்து இந்தக் கதை தொடங்கியபோது வேறெங்கும் அவை தெரிந்திராததால் அப்படிப் பெயர் வைத்தார்கள். ‘எர்த்’ என்பது அன்றைய வேதியியலில் உலோக ஆக்சைடுகளுக்கான பெயர். இந்தத் தனிமங்கள் ஓரிடத்தில் திரண்டு கிடைப்பது குறைவு. குணத்தால் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் தனித்தனியே பிரிப்பதும் பெரும்பாடு. ‘ரேர்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு நெருக்கமின்றி இடைவெளி விட்டுப் பரவியது என்று பொருள் இருப்பதால், பெயர் தற்செயலாகவேனும் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் சீனா இவற்றில் ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், இவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தங்களுக்காக வாகனத் தொழிற்சாலைகள் காத்துக் கிடந்தன. மண்ணில் இருந்த அளவு ஓர் அணுவும் குறையவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவை ‘ஸ்கேர்ஸ்’ ஆகிவிட்டன.

வினையடையாக வரும்போது இன்னும் கவனமாக இரு. ‘ரேர்லி’ எத்தனை முறை என்பதைச் சொல்கிறது, ‘ஸ்கேர்ஸ்லி’ எந்த அளவு என்பதைச் சொல்கிறது. ஒருவரை எப்போதாவது சந்திப்பது வேறு, அவரைச் சரியாகத் தெரியவே தெரியாது என்பது வேறு. அரைவேக்காட்டு இறைச்சியை ‘ரேர்’ என்கிறார்களே, அது பழைய ஆங்கிலத்தில் அரைகுறையாக வெந்த முட்டையைக் குறித்த வேறொரு சொல்லின் வழியில் வந்தது. அதை இதில் சேர்க்காதே.

ஆகவே நீ அனுப்பிய பக்கங்களில் தண்ணீரைப் பற்றி வரும் இடங்களில் ‘தட்டுப்பாடு’ என்று மாற்றிவிடு. தனிமங்களுக்கு ‘அருமண்’ என்று பாடநூல்களில் முன்பே வழக்கில் இருப்பதால் அதையே வைத்துக்கொள். கனிமங்களைப் பற்றிய இயலை முடித்ததும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
பொன்னையா