பரணில் கிடக்கும் ஊசி பிரிண்டரை போகிக்குத் தூக்கிப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகி நெருங்கும்போது கிருஷ்ணகிரி, தருமபுரி பழைய இரும்புக் கடைகளின் வாசலில் உடைந்த மிக்சிக்கும் துருப்பிடித்த சைக்கிளுக்கும் நடுவே மஞ்சளேறிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றிரண்டு கண்ணில் படும். 1980களில் வீட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் அவை; ரிப்பன் என்ற மை நாடாவை ஊசியால் குத்திப் புள்ளி புள்ளியாக எழுத்து அடிப்பவை. பள்ளிகளும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளும் கழித்துக்கட்டும் பட்டியலில் இவற்றுக்கு முதல் இடம். போடுபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “பிரிண்ட் மங்கலா வருது, ரிப்பன் கிடைக்கல.”

கிடைக்கிறது. எப்சன் 8750 என்ற எண்ணுள்ள ரிப்பன் கார்ட்ரிட்ஜ், எப்சன் கம்பெனியின் பிரிண்டர்களில் 1980ல் வந்த எம்எக்ஸ்-80க்கும் பொருந்தும், 1983ன் எஃப்எக்ஸ்-80க்கும் பொருந்தும், பிறகு வந்த எல்எக்ஸ்-800, எல்எக்ஸ்-300க்கும் பொருந்தும். கடையில் “எல்எக்ஸ் 300 ரிப்பன்” என்று கேட்டால் போதும். மாங்கூழ் ஆலைகளிலும் கிரானைட் குவாரிகளிலும் எடை மேடைச் சீட்டு இன்னும் மூன்று படியாகத்தான் அடிக்கப்படுகிறது. கார்பன் தாளை ஊடுருவி அடிக்க ஊசி வேண்டும். இங்க்ஜெட்டுக்கும் லேசருக்கும் அந்த வேலை ஆகாது. அதனால்தான் ரிப்பன் இன்னும் அலமாரியில் இருக்கிறது. எல்எக்ஸ்-80 விதிவிலக்கு. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அதன் கார்ட்ரிட்ஜ் சிறியது, வேறு எண். ஸ்டார் கம்பெனியின் ஜெமினி-10எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், அதில் டைப்ரைட்டர் ரிப்பன் சுருளே போடலாம்.

கமடோர் எம்பிஎஸ்-801 என்று பெயர் போட்டிருந்தால் அது தனி ஜாதி. ஒரே சுத்தியல், பின்னால் வரிவரியாகப் பள்ளமிட்ட உருளை சுற்றும். ஒரு நெடுக்கில், அதாவது மேலிருந்து கீழாக, ஏழு புள்ளிதான். கேபிளும் கமடோருக்கே உரிய ஆறு முனை வட்டச் செருகி. மற்ற கம்ப்யூட்டரில் மாட்ட முயன்று நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே சொல்பவை எப்சன் வகை ஒன்பது ஊசி பிரிண்டர்களுக்கு. 1981ல் ஐபிஎம் தன் பிசியோடு தன் பெயரை ஒட்டி விற்றதும் எம்எக்ஸ்-80தான்.

பல வருடம் கிடந்த பெட்டியைத் தூசி தட்டியதும் பிளக்கில் சொருகுவதுதான் முதல் தவறு. பின்புறத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்றோ 100 வோல்ட் என்றோ இருந்தால் அது அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ யாரோ பெட்டியில் கொண்டுவந்தது. நம் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். 200 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி அதன் வழியாகக் கொடுங்கள். 230 வோல்ட் பெட்டியாக இருந்தாலும் மூடியைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நம் பக்கத்து வீடுகளில் கிடந்த மெஷினுக்குள் செத்த பல்லியும் எறும்பு மண்ணும் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெயின் லைனில் இருக்கும் பழைய காகிதக் கண்டென்சர் மேல்தோல் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது ஓடும்போது புகைந்து வீடு முழுக்க நாறும். முதல் தடவை 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டி மின்சாரம் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். தொடரில் பல்ப் இருக்கும்போது அடிக்க விடாதீர்கள், வோல்ட் இறங்கி, ஊசிகளைத் தாங்கி ஓடும் ஹெட் பாதியில் நிற்கும்.

அடுத்து, கம்ப்யூட்டர் இல்லாமலே சோதிக்கலாம். தாளை மாட்டி, வரி தள்ளும் எல்எஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால் மெஷின் தானாக எழுத்து வரிசை அடிக்கும். தாள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, ஊசி நேராக ரப்பர் உருளையைக் குத்தும். எஃப்எக்ஸ்-80ல் எல்எஃப், பக்கம் தள்ளும் எஃப்எஃப் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் போட்டால் கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அடித்துக் காட்டும். குறை கேபிளிலா, புரோகிராமிலா, மெஷினிலா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைத் தெரியாமல் போர்டை மாற்றச் சொல்லுகிற கடைகளும் உண்டு.

சோதனைத் தாளில் எல்லா எழுத்துக்கும் குறுக்கே ஒரே மட்டத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஒரு ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இங்கேதான் பணம் வீணாகிறது. ஹெட் போய்விட்டது என்று புது ஹெட் மாட்டுவார்கள், அதுவும் சில நிமிடத்தில் கருகும். ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் ஒரு காயில், அந்தக் காயிலுக்குப் போர்டில் ஒரு டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்தக் காயிலில் மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடி ஓடியே எரிந்துவிடும். அடிக்காமல் சும்மா இருக்கும்போதே ஹெட் சுடுகிறது, வார்னிஷ் கருகிய வாசனை வருகிறது என்றால் இதுதான். மின்சாரத்தை எடுத்துவிட்டு ஹெட்டின் பட்டை ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஒன்பது காயிலின் ஓம் அளவையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அளவு எத்தனை என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒன்பதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒன்று மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தாலோ, அளவே காட்டாவிட்டாலோ அந்தக் காயில் போனது. உடனே அதற்குரிய டிரான்சிஸ்டரையும் சோதித்து மாற்றிய பிறகுதான் புது ஹெட்டைத் தொட வேண்டும். ஒன்பதும் சரியாக இருந்தும் கோடு விழுந்தால் ஊசி உடைந்திருக்கும், இல்லை மையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே. ரிப்பன் மங்கியதும் ஸ்டாம்ப் பேட் மையைச் சொட்டுவது நம் ஊரில் பரம்பரைப் பழக்கம். ரிப்பன் மை வெறும் நிறம் இல்லை, அதில் எண்ணெய் இருக்கிறது. ஊசிக்கு உயவு அதுதான். ஸ்டாம்ப் மை காய்ந்ததும் பிசினாகி ஊசி வழியை அடைக்கும். உள்ளே திரும்பாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஊசி, நைந்த ரிப்பனின் ஓட்டையில் மாட்டி, ஹெட் நகரும்போது வளைந்தோ முறிந்தோ போகும். மை ஊற்றியே தீருவேன் என்பவர்கள் டாட் மேட்ரிக்ஸ் ரிப்பன் மை என்றே கேட்டு வாங்குங்கள். துணி நைந்துவிட்டால் மை வேண்டாம், ரீஃபில் போடுங்கள். அரை அங்குல அகலம். பழைய நாடாவில் ஒரு முறுக்கு இருந்ததா என்று பார்த்து, இருந்தால் அதே முறுக்கோடு கோத்து மாட்டுங்கள். நாடாவின் இரண்டு விளிம்பும் சமமாகத் தேய்வதற்காக வைத்த முறுக்கு அது.

ஒட்டிய ஊசியை விடுவிக்க: ஹெட்டைக் கழற்றி, மூக்கு மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நனையும்படி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். காயில் பக்கம் நனையக் கூடாது. துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மூக்கில் ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில். ரிப்பன் இல்லாமல் மூன்று தாள் அடுக்கி சோதனை அடித்தால் பழைய மை தாளில் கசிந்து வெளியேறும். கருப்பு வருவது நிற்கும்வரை அடியுங்கள், நடுநடுவே ஹெட் ஆறவும் விடுங்கள்.

ஹெட் ஓடும் இரும்புத் தண்டைப் பற்றி நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாலிஷ் பட்டறைகளின் கல் தூள் காற்றில் வந்து தண்டில் படியும். அதன் மேலேயே எண்ணெய் விட்டால் தேய்ப்புப் பசை ரெடி. ஹெட்டைத் தண்டில் தாங்கும் புஷ் தேய்ந்து எழுத்து நடுங்கும். முதலில் பழைய பிசுக்கை முழுக்கத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடாது. மின்சாரம் இருக்கும்போது உருளைக் குமிழைக் கையால் திருகுவதும் ஹெட்டைத் தள்ளுவதும் பல்சக்கரத்தின் பல்லைக் கழற்றும் வேலை.

வரி விஷயம் சுருக்கமாக. எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்று அடித்தால் கம்ப்யூட்டரும் வரி தள்ளவில்லை, பிரிண்டரும் தள்ளவில்லை. வரிக்கு வரி வெற்று இடம் விழுந்தால் இரண்டுமே தள்ளுகின்றன. பிரிண்டரில் இருக்கும் குட்டிச் சுவிட்ச் வரிசையான டிப் சுவிட்சில், தானாக வரி தள்ளும் ஆட்டோ எல்எஃப்பை மாற்றுங்கள். சுவிட்ச் போடும் நேரத்தில் மட்டுமே மெஷின் அதைப் படிக்கும், எனவே அணைத்துப் போட வேண்டும். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வழக்கமாக வரி தள்ளச் சொல்லும் 10 என்ற குறியை பிரிண்டருக்கு அனுப்பாது. அதில் நட்சத்திரக் குறியோடு எஃப்எக்ஸ் 6,0 என்ற கட்டளை கொடுத்தால் அனுப்பும். நம் கடைகளில் கிடைப்பது 10×12 அங்குலத் தாள். மெஷின் 11 அங்குலத்துக்கு வைக்கப்பட்டிருந்தால் 72 வரிக்குப் பதில் 66 வரியில் பக்கம் முடிந்ததாக நினைக்கும், பக்கத்துக்கு ஓர் அங்குலம் நழுவிக்கொண்டே போகும். சில மாடல்களில் இதற்கும் டிப் சுவிட்ச் உண்டு.

தமிழ் வருமா என்று கேட்பவர்கள் அதிகம். எழுத்து வடிவங்கள் பதிந்திருக்கும் ரோம் என்ற சிப்பில் இந்த மெஷின்களுக்குத் தமிழ் எழுத்து இல்லை. படமாகத்தான் அனுப்ப வேண்டும். படம் வருகிறது என்று சொல்லும் கட்டளை 27, 75, பிறகு எத்தனை நெடுக்கு என்பதை இரண்டு பைட்டாகச் சொல்லும் எண், பிறகு ஒவ்வொரு நெடுக்குக்கும் ஒரு பைட். மேல் ஊசி 128, அடுத்தது 64, இப்படி எட்டாவது ஊசி 1. ‘ட’ எழுத 27, 75, 7, 0, 254, 2, 2, 2, 2, 2, 2. முதல் நெடுக்கில் ஏழு ஊசியும் விழுந்து கால் நிற்கும், மீதி ஆறும் அடிக்கோடு. ‘ட’வுக்கு எட்டு ஊசி போதும், ‘கி’யின் மேல் சுழியும் ‘கு’வின் கீழ் வளைவும் எட்டுக்குள் அடங்காது. இரண்டு ஓட்டமாக அடித்துப் பதினாறு புள்ளி உயரம் எடுக்க வேண்டும். எஃப்எக்ஸ்-80ல் வரி இடைவெளியை 27, 65, 8 என்று வைக்காவிட்டால் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவே நான்கு புள்ளி வெள்ளை விழுந்து எழுத்து இடுப்பில் வெட்டுப்படும். முழு வரிக்கு 480 நெடுக்கு, அதற்கு எண் 224, 1 (224 + 256). எண்ணைக் குறைத்துச் சொன்னால் மிஞ்சிய பைட்டுகள் கண்ட எழுத்தாக விழும். கூட்டிச் சொன்னால் அடுத்த வரியின் கட்டளையையே படமென்று விழுங்கிவிடும். யுஎஸ்பி கேபிள் மாட்டி இன்றைய கம்ப்யூட்டரில் ஜெனரிக் டெக்ஸ்ட் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் இருக்கும் இடத்தில் கேள்விக்குறிகள்தான் வரும். எப்சன் ஒன்பது ஊசி டிரைவரைப் போடுங்கள், அது படமாக மாற்றி அனுப்பும். படம் அடிக்க வைக்கும் கிராஃப்ட்ராக்ஸ் ரோம் இல்லாத ஆரம்பகால எம்எக்ஸ்-80ல் மட்டும் எந்த டிரைவர் போட்டாலும் இது நடக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடாத மெஷினைக் கொடுத்துவிடுங்கள், தவறில்லை. போகித் தீயில் மட்டும் போடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் புகை குழந்தைகளுக்கு ஆகாது. பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செம்புக்காக ஹெட்டின் பட்டை ஒயரை வெட்டாதீர்கள். ஒயரோடு கழற்றிய ஹெட்டும் நல்ல பல்சக்கரமும் எடை மேடைக்காரர்களுக்குத் தேவைப்படுகிறவை. கிலோ விலையைவிட அவர்கள் கூடவே கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.