துப்பாக்கி இல்லாமல் போகிறவள் நீதான்

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். டெக்சஸில் வெயில் இன்னும் இறங்கவில்லை. செப்டம்பரில் மினசோட்டாவில் இளையோருக்கென்று விடுகிற வாத்து வேட்டை நாட்களில் கவினையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னாய். பிள்ளைகள் இரண்டும் குறுக்கே குறுக்கே பேசியதில் போனில் பாதிக்கு மேல் பேச முடியவில்லை. விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன்.

அந்த இரண்டு நாளும் நீ சுடக் கூடாது. 1996இல் தொடங்கிய ஏற்பாடு இது. 17 வயதுக்கு மேற்படாதவர்கள் மட்டுமே வேட்டையாடலாம். 18 நிரம்பிய பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவர் வாத்தின் மேல் துப்பாக்கி தூக்கக் கூடாது. உனக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். ஆனால் வேட்டைச் சட்டப் புத்தகம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். பெரியவர் கையில் துப்பாக்கி இருந்தால் கண் வானத்துக்குப் போய்விடும். கை காலியாக இருந்தால்தான் பிள்ளையைப் பார்ப்போம். குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது, விரல் விசைக்கு வெளியே இருக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, மூத்திரம் முட்டிக்கொண்டு சொல்லக் கூச்சப்படுகிறதா, எல்லாம் அப்போதுதான் தெரியும்.

இரண்டு பேரும் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருப்பது நல்லது. இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டும் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கட்டும். சட்டம் மூன்று தோட்டா வரை போட விடுகிறது. நீ ஒன்றே ஒன்று போட்டுக் கொடு. மூன்று இருந்தால் முதல் குறி தப்பியதும் பதறிப்போய் மிச்சம் இரண்டையும் ஆகாயத்தில் இறைப்பார்கள். மற்றவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து வருகிற பறவை என்னவென்று சொல்லட்டும். அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். நாயை உன் காலடியிலேயே வைத்துக்கொள். குழலுக்கு முன்னால் அது எழுந்துவிடக் கூடாது. காதடைப்பான் இரண்டு பேருக்கும் வேண்டும், நாணலுக்குள் சத்தம் பலமாகக் கேட்கும்.

துப்பாக்கி, குழல் சிறுத்த இருபது கேஜ் போதும். அதன் கட்டை கவினுக்கு நீளம். தோளில் வைத்தால் கழுத்தை நீட்டி எட்டிப் பிடிக்கிறான், படத்தில் பார்த்தேன். கடையில் கொடுத்துக் குட்டையான கட்டை மாற்றிவிடு. இல்லாவிட்டால் முதல் உதையிலேயே தோள் கன்றி, இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவான். கராஜ் அலமாரியில் என் பழைய தோட்டாப் பெட்டி ஒன்று கிடக்கும், அதைத் தொடாதே. அது ஈயம், களிமண் தட்டு சுட வைத்திருந்தது. நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுக்க ஈயத்துக்குத் தடை. சேற்றில் விழுந்த ஈயக் குண்டுகளை வாத்துகள் இரைப்பைக் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. பிள்ளைகளிடம் இதையும் சொல்லு. சுடாத வாத்தும் நம்மால் செத்திருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எஃகுக் குண்டு ஈயத்தைவிட இலேசு, சீக்கிரம் வேகம் இழந்துவிடும். அதனால் பறவைகளை ஏமாற்றி இறக்குகிற பொம்மை வாத்துகளைக் கிட்டவே மிதக்க விடு. கடைசி பொம்மை 25 கஜத்தில் இருக்கட்டும், அதற்கு அப்பால் வருவதைச் சுட வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவிடு. தூரத்துப் பறவையைச் சுட்டால் காயத்தோடு சம்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அப்படி ஒன்று விழுந்துவிட்டால் வேட்டையை நிறுத்திவிட்டு எல்லோரும் தேடுங்கள். தலைக்கு மேல் எத்தனை கூட்டம் போனாலும் போகட்டும்.

இப்போது முக்கியமான சங்கதி. செப்டம்பரில் ஆண் மல்லார்டு வாத்துக்குப் பச்சைத் தலை இருக்காது. கோடையில் இறகு உதிர்த்து, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மண் நிறத்தில் இருக்கும். நவம்பர் வாத்துப் படத்தைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் குழம்பித்தான் போவார்கள். இறக்கையைப் பார்க்கச் சொல்லு. மல்லார்டுக்கு இறக்கையின் பின்பகுதியில் நீலப் பட்டை, அதன் இரு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. நீலச்சிறகு டீல் வாத்துக்கு இறக்கையின் முன்பகுதியில் வெளிர்நீலத் திட்டு, உடம்பும் சிறிசு, கூட்டமாக விர்ரென்று திரும்பும். மரப்பொந்தில் முட்டையிடும் வுட் டக் வந்தால் கண்ணுக்கு முன் காதுக்குத் தெரிந்துவிடும், கீச்சென்று அலறிக்கொண்டே பறக்கும். வால் நீளமாக, நுனி சதுரமாக இருக்கும். பறக்கும்போதே தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 6 வாத்து. அதில் மல்லார்ட் 4, அந்த நாலிலும் பெட்டை 2 தான். வுட் டக் 3. இனம் தெரியாதவனுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பிடிபடும்?

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுடலாம் என்கிறது சட்டம். நீ அனுமதிக்காதே. அந்த நேரத்தில் எல்லாமே கறுப்பு நிழல்தான். பட்டையும் திட்டும் தெரிகிற அளவு வெளிச்சம் வரட்டும். அதுவரை வருவதையெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதுதான் வேலை. கவின் துப்பாக்கியைத் தூக்கி, பறவை எதுவென்று நிச்சயமில்லாமல் இறக்கினானானால் அங்கேயே, அந்தப் பெண் கேட்க, முதுகில் தட்டிக்கொடு. வாத்து விழும்போது கொடுப்பதைவிட அதிகமாகவே கொடு. நான் எழுதுவதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே.

பிள்ளைகள் கையில் துப்பாக்கி எதற்கு என்று அம்மா இன்னமும் கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம். அவளுக்கு நான் சொல்வதைத்தான் உனக்கும் சொல்கிறேன். 1934 முதல் இந்த நாட்டில் வாத்து வேட்டைக்காரர்கள் வருடாவருடம் டக் ஸ்டாம்ப் என்று ஒரு முத்திரைவில்லை வாங்க வேண்டும், இப்போது 25 டாலர். அதில் டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. அப்படிக் காத்தது 60 லட்சம் ஏக்கருக்கும் மேல். 16 வயது ஆகாதவர்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடு, பணம் நான் அனுப்புகிறேன். அதில் அச்சாகியிருக்கிற வாத்து எதுவென்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

வுட் டக் கதையையும் சொல்லு. நூறு வருடத்துக்கு முன் அது அழிந்தே போய்விடும் என்று பயந்தார்கள். 1918இல் வேட்டையை அடியோடு நிறுத்தி, 1941இல்தான் மறுபடி திறந்தார்கள். முதிர்ந்த மரங்களை வெட்டியதில் பொந்து இல்லாமல் போயிருந்தது, ஆட்கள் பெட்டி செய்து வைத்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பிள்ளைகளோடு ஒரு பெட்டி நடு. உள்ளே மரச்சுருள் போட மறக்காதே, வாத்து வைக்கோல் கொண்டுவந்து கூடு கட்டாது, உள்ளே இருப்பதன் மேல்தான் முட்டையிடும். வேட்டைக்குப் போகிறவன் இதையும் செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஏதாவது கிடைத்தால் வீட்டுக்கு வரும்வரை இறக்கை ஒன்றை உடம்போடு விட்டுவை, சோதனை செய்பவர் இனம் பார்ப்பார். இறகு பிடுங்குவது பிள்ளைகள் வேலை. நெஞ்சுப் பக்கம் தோல் கிழியாமல் இரண்டு மூன்றாக, வளர்ந்த திசையிலேயே இழுக்கச் சொல்லு. கறியை விரலால் அமுக்கிப் பார்த்துக் குண்டை எடுத்துவிடு, பல் போய்விடும். காட்டு வாத்தில் கொழுப்பு குறைவு, நம்மூர் வாத்து மாதிரி நெடுநேரம் வேக வைத்தால் ரப்பராகும். நெஞ்சுக்கறியை மெல்லிசாக அரிந்து மிளகு, பூண்டு, நல்லெண்ணெயில் வறுத்தெடு. காலைத் தனியாகக் குழம்பில் போடு. அம்மா பொடித்த மிளகு பார்சலில் வருகிறது.

படகில் ஏறுமுன் மூவரும் மிதவைச் சட்டை போடுங்கள், கரையில் இருக்கும்போதும் கழற்ற வேண்டாம். மழை என்றால் போகலாம், இடி கேட்டால் படகை இறக்காதே. மாற்றுக் காலுறை நாலு ஜோடி எடுத்துக்கொள். பிள்ளைகள் ஏழு மணிக்கே அலுத்துப்போய் வீட்டுக்குப் போகலாம் என்றால் உடனே கிளம்பி வா.

அன்புடன்,
அப்பா