மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் மருந்து

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ போனில் சொன்னபோது உன் அப்பா பக்கத்தில் இருந்தார். அதனால் 'சரி, சரி' என்று வைத்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரி வெள்ளைப்படுதல் மஞ்சளாவதும், உறவுக்குப் பின் ரத்தம் கசிவதும் உடம்புச் சூடு அல்ல; கருப்பைவாய் அழற்சியாக இருக்கலாம். வேலூர் வெயிலில் எல்லாவற்றுக்கும் சூட்டைக் காரணம் காட்டி வெந்தயத்தை ஊறவைப்பார்கள். உன் அத்தையும் அதையே சொல்வாள். வெந்தயத்தால் கெடுதல் இல்லை, நாள் கடந்துபோவதுதான் கெடுதல். மருந்துக்கடையில் பூஞ்சை மாத்திரை கேட்டு வாங்காதே. அரிப்போடு தயிர்த்திப்பி மாதிரி படுவது வேறு நோய்.

டாக்டர் ஸ்பெகுலம் என்ற விரிப்புக் கருவியை வைத்துக் கருப்பைவாயை நேரில் பார்க்க வேண்டும். வாயின் துவாரத்தில் சீழ் தெரிகிறதா, பஞ்சுக்குச்சி மெல்லப் பட்டதும் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். இரண்டில் ஒன்று இருந்தாலும் கருப்பைவாய் அழற்சிதான். ஆனால் எந்தக் கிருமி என்று கண்ணுக்குத் தெரியாது. உறவின் மூலம் தொற்றும் கிளமிடியா, கொனோரியா இரண்டுக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் 'நாட்' சோதனையை நீயே கேள். உறவில் தொற்றும் இன்னொரு கிருமியான ட்ரைக்கோமோனாஸுக்கும் அதுவே நல்லது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிக்குப் பாதி தப்பிவிடும். மைக்கோபிளாஸ்மா, ஹெர்ப்பீஸ் கிருமிகளாலும் இது வரலாம். பல பெண்களுக்கு எந்தக் கிருமியும் அகப்படுவதில்லை. அதற்காக டாக்டரைச் சந்தேகப்படாதே. பாப் ஸ்மியர் எடுத்தாயிற்று என்று யாராவது சொன்னால், அது புற்றுநோய்க்கான சோதனை, இதற்கல்ல என்று சொல்.

எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். முகம் சுளிக்காதே, நம் ஊருக்கு இது புதிதல்ல. 1986இல் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்தம் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குத்தான் சோதனைக்கு வந்தது.

மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. கிளமிடியாவுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 7 நாள் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கு அதற்குப் பதில் அசித்ரோமைசின்.

இனி முக்கியமான விஷயம். வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நான் செவிலியராக இருந்தபோது இந்தச் சோதனையெல்லாம் அங்கே கிடையாது. அறிகுறியைப் பார்த்து, சாம்பல் நிறப் பொட்டலத்தில் அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும் கொடுப்போம். மனைவி அங்கேயே விழுங்கிவிடுவாள். கணவனுக்குக் கொடுத்தனுப்பியது அலமாரியில் கிடக்கும், அவளுக்கு மறுபடியும் வரும். எனக்கு அந்த ஆண்கள் மீது இன்றும் கோபம் தணியவில்லை.

ஆகவே மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போ. யாரிடமிருந்து வந்தது என்று இப்போது பஞ்சாயத்து வைக்காதே; கிளமிடியா மாதக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் உடம்பில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் கருக்குழாய்க்கு ஏறிவிடும், பிறகு குழந்தை தங்குவதே சிரமமாகிவிடும். இருவரும் மருந்து முடித்து, அறிகுறிகளும் போகும்வரை உறவு வேண்டாம். ஒரே வேளை மருந்தென்றால் 7 நாள் பொறுக்க வேண்டும். கிருமி உறுதியானால் 3 மாதம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்.

அடிவயிறு வலித்துக் காய்ச்சலும் வந்தால் முன்பதிவுக்குக் காத்திராதே, அன்றே போ. நான் வர வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல், காட்பாடியில் ரயில் ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா